கொக்கியில் தொங்கிய கோல்

என் புருஷனை நான் ஊரறிய ஓங்கி அறைந்தேன் என்று எங்கள் நான்ட்வென் ஊர் முழுக்கப் பேச்சு. உண்மைதான். அறைந்த கை மறுநாளும் வலித்தது. ஏன் அறைந்தாய் என்று கேட்கிறவர்கள், முதலில் கோல் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ரயில் குட்டி ரயில். மலையிலிருந்து கூரைக்கல் இறக்குவதற்காக அந்தக் காலத்தில் போட்ட பாதை. இன்றைக்குக் கல்லும் இல்லை, குவாரியும் இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நீராவி எஞ்சின் மேலே போய்விட்டுக் கீழே வருகிறது. ஓட்டுகிறவர், கரி அள்ளுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர் எல்லோரும் சம்பளம் வாங்காமல் ஆசைக்கு உழைக்கிறவர்கள். கீழே நான்ட்வென்னிலிருந்து மேலே கரெக் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைப் பாதை, நடுவில் ஒரு சுரங்கப்பாதை. எதிரே யாராவது வந்தால் ஒதுங்க இடம் கிடையாது.

அதற்குத்தான் கோல். முழங்கை நீளத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்த மரக்கட்டை. அதில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் ‘நான்ட்வென் – கரெக்’ என்று வெட்டியிருக்கும். கோல் உலகத்திலேயே ஒன்றே ஒன்று. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை. ரயிலாக இருந்தாலும் சரி, தண்டவாளம் பழுது பார்க்கிற ஆட்களாக இருந்தாலும் சரி, கோல் இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. ஸ்டேஷன் அறைச் சுவரில் ஒரு கொக்கி இருக்கிறது. கொக்கி காலியாக இருந்தால் பாதையில் ஆள் இருக்கிறது. கோல் தொங்கினால் பாதை காலி. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சட்டம்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அதனால் செய்கிற வேலையைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டேஷனில் டீக்கடை வைத்திருக்கிற நான் டீ டெக்வென். ஸ்டேஷன் மாஸ்டர் கோல் ஹெவின். யாரைக் கூப்பிட்டாலும் பெயரோடு ‘பாக்’ என்று செல்லமாகச் சேர்த்துக்கொள்வார், நரைத்த கிழவனாக இருந்தாலும் சின்னப் பையன் மாதிரி. கோலைக் கொடுக்கும்போது தகட்டைப் பார்த்து உரக்க வாசிக்க வேண்டும், வாங்குகிற டிரைவரும் பார்த்து வாசிக்க வேண்டும். என் கடை ஜன்னல் பிளாட்பாரத்தைப் பார்த்தே இருக்கிறது. “நான்ட்வென் – கரெக்!” என்பார் ஹெவின். “நான்ட்வென் – கரெக்!” என்பாள் டிரைவர் எலெரி. சாப்பலில் ஜெபம் முடிந்து ஆமென் சொல்கிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும். நான் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பேன்.

அந்தச் சனிக்கிழமை ஹெவினுக்குக் கடைசி நாள். முழங்கால் போய்விட்டது, இனி முடியாது என்று சொல்லியிருந்தார். மத்தியான வண்டி வந்த பிறகு டீக்கடையில் கேக் வெட்டி அனுப்பிவைப்பதாக ஏற்பாடு. அவருக்கு என்ன பரிசு கொடுப்பது என்ற யோசனை என் புருஷன் கெத்தினுடையது. கெத்தின் தண்டவாள ஆட்களுக்குத் தலைவன். மரவேலையும் வரும். யாரையாவது கேலி பண்ணி ஓட்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

கோலைப் போலவே ஒரு கோல் செய்தான். அதே நீளம், அதே கனம், அதே பித்தளை. தகட்டில் மட்டும் வேறு எழுத்து. ‘நான்ட்வென் – வீடு’ என்று வெட்டினான். வீட்டுக்குப் போகிற கிழவருக்கு வீட்டுக்குப் போகிற கோல். நானே சிரித்துவிட்டேன். கேக் மேலும் சர்க்கரைப் பாகில் அதையே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை டீக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து அதற்கு இரண்டாவது முறை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

“போதும்டா. காயாது. நாளைக்குக் கிழவர் கையெல்லாம் ஒட்டும்” என்றேன்.

“ஒரு கோட் அடிச்சா பொம்மை மாதிரி இருக்கு. நிஜக் கோல் மாதிரி இருக்கணும். அவரு கண்ண மூடிக்கிட்டே கண்டுபிடிப்பேன்னு எத்தன தடவ பீத்தியிருக்காரு!”

“கல்யாணத்துக்கு முன்னாடி என் வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சுத் தரேன்னு சொன்ன. அது இன்னும் வரல.”

“அதுக்கும் சேத்துத்தான் இதுல அடிக்கிறேன்” என்றான். காலையில் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி அதை மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம்.

சனிக்கிழமை விடிந்ததும் கெத்தினும் இன்னும் இரண்டு பேரும் சுரங்கப்பாதைக்குள் ஆடிக்கொண்டிருந்த ஒரு பாறையை உடைத்து எடுக்கப் போனார்கள். முதல் வண்டிக்கு முன்னால் முடித்துவிட்டு வந்துவிடுவோம் என்று ஹெவினிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஸ்டேஷனில் யாரும் இருக்கமாட்டார்கள். கெத்தினிடம் ஒரு சாவி உண்டு. கோலைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு, டிராலியைத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம்.

நான் கடையைத் திறந்தபோது வெயில் நன்றாக வந்துவிட்டது. பிளாட்பாரம் நிறையக் கூட்டம். உலர்பழம் போட்ட பரா பிரித் ரொட்டியை வெட்டி வெட்டி என் கை ஓய்ந்துவிட்டது. எஞ்சின் புஸ்ஸென்று மூச்சு விட்டது. ஜன்னல் வழியாக வழக்கம்போல ஹெவினின் குரல்: “நான்ட்வென் – கரெக்!” வழக்கம்போல எலெரியின் குரல்: “நான்ட்வென் – கரெக்!” ஊதல் ஊதி வண்டி போனது. கடைசி நாள் என்பதால் ஹெவின் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

கூட்டம் போனதும் பரிசைத் துணியில் சுற்றிவைக்கலாம் என்று பின்னறைக்குப் போனேன். மாவு டின்னுக்குப் பின்னால் கோல் இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேறெங்கோ எடுத்துவைத்துவிட்டு என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறான் என்று நினைத்தேன். வரட்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று வாசல் பக்கம் வந்தேன். டிராலி நிற்கிற இடம் என் வாசலிலிருந்து தெரியும். அங்கே டிராலி இல்லை.

ஹெவின் பிளாட்பாரத்தில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கெத்தின் வந்தாச்சா?” என்றேன்.

“வந்தாச்சே, டெக்வென் பாக்.”

“நீங்க பாத்தீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்? நான் வரும்போதே கோல் கொக்கியில தொங்குச்சு. அதத்தான் எலெரிகிட்ட கொடுத்தேன்.”

“அப்ப டிராலி எங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். பூவாளியிலிருந்து தண்ணீர் அவருடைய ஷூவின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தது.

“ஹெவின், இன்னொரு கோல் இருக்கு” என்றேன். “உங்களுக்குப் பரிசு கொடுக்க கெத்தின் செஞ்சான். அச்சு அசலா அதே மாதிரி. மாவு டின்னுக்குப் பின்னாடி வெச்சிருந்தோம். இப்பக் காணோம்.”

“இன்னொரு கோலா?” என்றார். “கோல் ஒண்ணுதானே.”

“கிழவா, காதுல விழுதா? நிஜக் கோல் கெத்தின் கையில இருக்கு! அவன் உள்ள இருக்கான்!”

அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். ரத்தம் அப்படியே வடிந்துபோனது. நொண்டிக்கொண்டே ஸ்டேஷன் அறைக்குள் ஓடி வாக்கிடாக்கி ரேடியோவை எடுத்துக் கத்தினார். அது மலைக்கு அந்தப் பக்கம் கேட்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செல்போனுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் என்றைக்குமே சிக்னல் கிடையாது. கெத்தின் பாறை உடைக்கும்போது காதில் காதடைப்பான் மாட்டியிருப்பான். எஞ்சின் ஊதினாலும் கேட்காது. சுரங்கப்பாதைக்கு முன்னால் பாதை வளைகிறது. வளைவு திரும்பினதும் உள்ளே இருட்டு.

நான் வேன் சாவியை எடுத்தேன். மேலே பண்ணைக்குப் போகிற ரோடு சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் போகிறது. வண்டி மலையேறும்போது மெதுவாகத்தான் போகும், முந்திவிடலாம் என்று நினைத்தேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் கல்சுவர், ஒரு வண்டி போகிற அகலம். பாதி வழியில் வீடு மாதிரி ஒரு கேம்பர் வேன் எதிரே வந்து நின்றது.

“ரிவர்ஸ் போடு! பின்னால போ!” என்று கத்தினேன்.

உள்ளே இருந்த ஆள் கண்ணாடியை இறக்கி, “சாரிங்க, எனக்கு இதுல ரிவர்ஸ் அவ்வளவா வராது” என்று சிரித்தான். பக்கத்திலிருந்த அவன் பெண்டாட்டி எனக்குக் கையசைத்தாள்.

வேனை அப்படியே விட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்தேன். ஏப்ரனோடு, டீக்கடைச் செருப்போடு ஓடினேன். ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. கடவுளே, நாசமாய்ப் போனவனே, கடவுளே, நாசமாய்ப் போனவனே என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே ஓடினேன். எது கடவுளுக்கு, எது கெத்தினுக்கு என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தகட்டைப் பார்த்து நான் சிரித்தேனே என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

மேட்டின்மேல் ஏறியதும் புகை தெரிந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம் வெள்ளையாக ஒரே இடத்தில் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. வண்டி ஓடவில்லை, நிற்கிறது. நல்லதுக்கு நிற்கிறதா, எல்லாம் முடிந்து நிற்கிறதா? சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினேன்.

எலெரி எஞ்சினுக்குப் பக்கத்தில் கீழே நின்றுகொண்டிருந்தாள். வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். உள்ளங்கை முழுவதும் சிவப்பு. விரல் இடுக்கிலெல்லாம் சிவப்பு.

சரளைக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாருடைய ரத்தம் என்று அந்தக் கையையே பார்த்தேன்.

“பெயின்ட்” என்றாள் எலெரி. அவள் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. “டெக்வென், இது பெயின்ட். பெயின்ட்தான்.”

எஞ்சினுக்குள் கோல் தொங்குவது கரி எரிகிற உலைக்குப் பக்கத்தில். தண்ணீர்க் குழாயைத் திருக வேண்டுமென்றால் கோலைக் கையால் ஒதுக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் அவள் ஒதுக்கியிருக்கிறாள். சூட்டில் இளகிய பெயின்டில் கை ஒட்டியிருக்கிறது. ஏதோ வெட்டிவிட்டது என்று பயந்து துணியில் துடைத்திருக்கிறாள். காயம் இல்லை. அப்புறம்தான் கோலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பிரேக்கை முழுக்கப் போட்டுவிட்டாள்.

“எங்க கோலுக்குப் பெயின்ட் அடிச்சு எத்தன வருஷமாச்சு! இது எப்படி ஒட்டும்னு பாத்தா…” அவள் அதை என்னிடம் நீட்டினாள். வெப்பத்தில் சிவப்பு கொப்பளித்திருந்தது. தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. “இதுல என்ன எழுதியிருக்கு பாரு. வீடுன்னு எழுதியிருக்கு. நான் கையில வாங்கும்போதே எழுதியிருந்திருக்கு. நான் கரெக்னு கத்துனேன்.”

வண்டிக்குள்ளிருந்து குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தாத்தா ஐஸ்க்ரீம் விற்பார்களா என்று கேட்டார். வளைவுக்கு அந்தப் பக்கம் பாறை உடைக்கிற இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கரி அள்ளுகிற ஈவான் சிவப்புக் கொடியோடு உள்ளே நடந்து போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. பிறகு ஈவான் வந்தான், அவனுக்குப் பின்னால் மூன்று பேர். மூன்று பேரும் வந்தார்கள்.

கெத்தினின் தலைமுடியெல்லாம் கல்தூசி. காதடைப்பான் கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

“நீயும் வந்துட்டியா! என்ன சொன்னாரு ஹெவின்? சிரிச்சாரா?”

அப்போதுதான் அறைந்தேன்.

சத்தம் பாறையில் பட்டு எதிரொலித்தது. ஐஸ்க்ரீம் கேட்ட தாத்தா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கெத்தின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், எலெரியின் கையைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“நாங்க அந்தப் பாறைக்கு அடியிலயே, தண்டவாளத்துமேலதான் உக்காந்திருந்தோம்” என்றான்.

“எதுக்குடா அத அங்க மாட்டுன?”

“பாத்த உடனே சிரிப்பாருன்னு… தினம் வாசிக்கிறாரே டெக்வென். வாசிச்சா தெரிஞ்சிடும். தெரிஞ்சா நிஜக் கோல் எங்கிட்ட இருக்குன்னு புரிஞ்சிடும். வண்டிய விடமாட்டாரே. பாறை இவ்வளவு நேரம் இழுக்கும்னு நான் நினைக்கல. வண்டிக்கு முன்னாடியே நான் வந்து நின்னு சிரிக்கலாம்னு இருந்தேன்.”

“கொக்கியிலயா விளையாடுவ? உன் உசிரு தொங்குற கொக்கிடா அது!”

இன்னொரு முறை அறையக் கை ஓங்கினேன். ஓங்கின கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் வரும்வரை அதை நான் விடவில்லை.

வண்டி பின்னாலேயே ஊர்ந்து நான்ட்வென்னுக்கு வந்தது. பாறை விழுந்திருக்கிறது, கொஞ்சம் தாமதம் என்று பயணிகளிடம் சொன்னோம். அவர்கள் சந்தோஷமாக இறங்கி டீ கேட்டார்கள். ஹெவின் பிளாட்பாரத்தில் இல்லை. ஸ்டேஷன் அறையில், காலிக் கொக்கிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உள்ளே போனதும் கெத்தினை உச்சந்தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அவன் இரண்டு தோளையும் தொட்டுப் பார்த்தார்.

எலெரி கதவைச் சாத்தினாள். “யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெளிய யாருக்கும் தெரியாது. பாறை விழுந்துச்சுன்னே இருக்கட்டும். இன்னிக்கு உங்க கடைசி நாள், ஹெவின்” என்றாள்.

ஆமாம் என்று நான் தலையாட்டினேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வெளியே தெரிந்தால் கெத்தினை இந்தத் தண்டவாளத்துப் பக்கமே விடமாட்டார்கள். அது இல்லாமல் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது.

கெத்தின் இரண்டு கோலையும் மேஜைமேல் வைத்தான். ஹெவின் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கொப்பளித்த கோலைக் கையில் எடுத்துத் தகட்டின் கீழே விரலை வைத்து நகர்த்தினார்.

“நான்ட்வென். வீடு.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “காலையில நான் என்ன வாசிச்சேன், டெக்வென் பாக்? உன் ஜன்னல்ல கேட்டிருக்குமே.”

“நான்ட்வென் – கரெக்னு சொன்னீங்க.”

“சொன்னேன். வாசிக்கல.” கண்ணாடியைக் கழற்றினார். “எத்தன வருஷமா இப்படின்னு தெரியல. கண்ணாடி பையிலேயேதான் இருந்திருக்கு.”

எலெரி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஹெவின் ஸ்டேஷன் லேண்ட்லைன் போனை எடுத்து ரயில் மேனேஜரைக் கூப்பிட்டார். தன் பங்கை ஒன்றுவிடாமல் சொன்னார். தான் தகட்டைப் பார்க்காமல் கோலைக் கொடுத்ததை மட்டும் சொன்னார், கோல் எப்படி அங்கே வந்தது என்று சொல்லவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு கெத்தினைப் பார்த்தார்.

“என் தப்ப நான் சொல்லிட்டேன். உன்னோடத நீதான் சொல்லணும், கெத்தின் பாக்.”

கெத்தின் என்னைப் பார்த்தான். நான் அவன் சட்டையை விட்டேன். அவன் போனை வாங்கிச் சொன்னான். எலெரியும் வாங்கிச் சொன்னாள். அன்றைக்கு வண்டி ஓடவில்லை. போனில் பேசிய மூன்று பேரையும் மறு உத்தரவு வரும்வரை வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கேக்கைக் கொண்டு வரட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஹெவின் தொப்பியை மேஜைமேல் வைத்தார். கொப்பளித்த கோலைக் கெத்தினிடம் கொடுத்தார்.

“எனக்குத்தானே செஞ்ச? முறையா கொடு.”

கெத்தின் அழுதுகொண்டிருந்தான். கோலை இரண்டு கையாலும் நீட்டினான். எழுத்து மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்து வாசித்தான்.

“நான்ட்வென் – வீடு.”

ஹெவின் உடனே வாங்கவில்லை. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

“நான்ட்வென் – வீடு” என்று வாசித்தார். கோலை வாங்கிக்கொண்டு முழங்காலை இழுத்து இழுத்து நடந்து போனார். அவர் பிடித்துத் திறந்த கதவுக் கைப்பிடியில் சிவப்பு ஒட்டியிருந்தது. நான் அதை இன்னும் துடைக்கவில்லை.